‘அக்கறை இல்லாத பெற்றோர்’ என்றொரு சாதிப் பெயர்

“அவங்களுக்கெல்லாம் படிப்புல என்ன அக்கறை? பிள்ளையைக் கொண்டாந்து தள்ளிவிட்டாப் போதும்.”

“மீட்டிங்னா ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. இலவசம்னா மட்டும் வரிசையில நிப்பாங்க.”

“அப்பன் குடிச்சுட்டுக் கெடப்பான், ஆத்தா மில்லுக்குப் போயிருவா. அந்தப் பிள்ளை எப்படி உருப்படும்?”

இந்தப் பேச்சு காதில் விழாமல் தமிழ்நாட்டில் ஒரு பள்ளியின் கேட்டைக் கடப்பது கடினம். ஆசிரியர் அறையிலும் இது பேசப்படுகிறது. பிள்ளையை இறக்கிவிட்டு வண்டியில் சாய்ந்து நிற்கும் மற்ற பெற்றோர்களும் பேசுகிறார்கள். எந்த வாக்கியத்திலும் சாதிப் பெயர் இல்லை. ஆனால் ‘அவங்க’ யார் என்பதில் பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் குழப்பமே வருவதில்லை. 2025 ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ‘அவங்க’ என்பதை மட்டும் எந்த அரசாணையும் நீக்க முடியாது. அது புழங்கும் இடத்தில் நின்றுதான் அதைக் கேள்வி கேட்க வேண்டும்.

‘அக்கறை இல்லாத பெற்றோர்’ என்பது ஏதோ ஒரு குடும்பத்தைப் பார்த்துச் சொன்ன கருத்துபோலத் தெரியும். நடைமுறையில் அது ஒரு சாதிப் பெயராகவே வேலை செய்கிறது. பிள்ளை படிக்கவில்லை என்றால் அதற்கான பொறுப்பைப் பள்ளியின் தோளிலிருந்து எடுத்துப் பெற்றோரின் தலையில் வைக்கிறது. கேள்வி கேட்க வரும் தாயின் வாயை அவர் வருமுன்பே அடைத்துவிடுகிறது. அதே வாசலில் கூட்டமாக நின்று தீண்டாமையைக் கோருகிறவர்களுக்கோ ‘பெற்றோர்’ என்ற மரியாதையான பட்டத்தை வழங்குகிறது.

மூன்று மணிக்கு யார் வர முடியும்?

திண்டுக்கல்லை எடுத்துக்கொள்வோம். பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர்போன ஊர் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். உழைப்பின் கணக்கில் பார்த்தால் அது தோலும் நூலும் பூவும் காய்கறியும் சேர்ந்த ஊர். தோல் ஷாப்களில் சுண்ணாம்புக்கும் நாற்றத்துக்கும் நடுவே நின்ற தொழிலாளர்களின் வாழ்க்கையை டி. செல்வராஜ் ‘தோல்’ என்ற நாவலாக எழுதினார். 2012இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. வேடசந்தூர் பக்கம் நூற்பாலைகள் ஷிப்டு கணக்கில் ஓடுகின்றன. ஆலை வேன் ஊர் ஊராக வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும், விரிந்துவிட்டால் விலை போச்சு. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளாவுக்குப் போகும் காய்கறி மூட்டையை யாராவது தூக்கி லாரியில் ஏற்ற வேண்டும். மாநகராட்சியின் தூய்மைப் பணியாளர்கள் ஊர் எழும்புமுன் தெருவில் இறங்கியிருக்க வேண்டும்.

இந்த வேலைகளைச் செய்கிறவர்களில் பெரும்பகுதி நிலமில்லாத தலித் குடும்பங்கள். கூடவே ஏழை முஸ்லிம்களும் பிற்படுத்தப்பட்ட சாதிகளின் கூலித் தொழிலாளர்களும் உண்டு. துப்புரவு என்று வந்துவிட்டால் ‘கூடவே’ என்ற பேச்சே இல்லை. அது அருந்ததியர் தலையில் எழுதிவைத்ததுபோல இன்றும் தொடர்கிறது.

இப்போது பள்ளியின் கடிகாரத்தைப் பாருங்கள். பெற்றோர் கூட்டம் வேலை நாளில், வேலை நேரத்தில் நடக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் கூட்டப்படுகின்றன. அரசு ஊழியர் அனுமதி கேட்டுக்கொண்டு வரலாம். கடைக்காரர் ஆள் வைத்துவிட்டு வரலாம். நிலம் வைத்திருப்பவர் வேலையாட்களை வயலில் விட்டுவிட்டு வரலாம். அந்த வயலில் நிற்கும் பெண் எப்படி வருவார்? மில்லில் பகல் ஷிப்டில் இருப்பவர் நடுவில் வெளியே வர முடியாது. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கு விடுப்பு என்பது அன்றைய கூலியை இழப்பது. இவர்கள் வராததை வருகைப் பதிவேட்டில் பார்த்துவிட்டு ‘அக்கறை இல்லை’ என்று எழுதுகிறோம். ‘கூலியை இழக்க முடியவில்லை’ என்று எழுத அந்தப் பதிவேட்டில் இடமில்லை.

வருகிறவர்களையும் நாம் எண்ணுவதில்லை. அம்மா ஷிப்டுக்குப் போன வீட்டில் பாட்டி வருகிறார், அக்கா வருகிறாள், சித்தி வருகிறார். “பேரண்ட்ஸைக் கூட்டிட்டு வரச் சொன்னா யாரைக் கூட்டிட்டு வந்திருக்க?” என்று திருப்பி அனுப்புகிறார்கள். சட்டம் ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர்’ என்றுதான் சொல்கிறது.

சட்டத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பெற்றோருக்கு விதிக்கும் கடமை, பிரிவு 10இல் உள்ள ஒன்றுதான்: பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். பெற்றோரைத் தவறாமல் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றை எடுத்துச் சொல்வதை அதே சட்டம் பிரிவு 24இல் ஆசிரியரின் கடமையாக வைத்திருக்கிறது. அதாவது ‘மீட்டிங்குக்கு வரவில்லை’ என்று புகார் சொல்லும் பள்ளியைப் பார்த்து, ‘சந்திக்க நீங்கள் என்ன முயற்சி எடுத்தீர்கள்?’ என்று கேட்கச் சட்டம் இடம் தருகிறது. கணக்கைப் புரட்டிப் போட்டதால்தான் கடன்காரர் கடன் கொடுத்தவராகிவிட்டார்.

‘நீங்க’வும் ‘நீ’யும்

ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே முன்னிலைச் சொல்தான். நம் மொழியில் சாதி வினைமுற்றிலேயே உட்கார்ந்திருக்கிறது. பள்ளி வாசலில் ஒரு காலை நேரம் நின்று காதைக் கொடுத்தால் போதும். காரிலிருந்து இறங்குகிறவருக்கு “வாங்க மேடம், உக்காருங்க.” மொபெட்டில் வருகிறவருக்கு “சொல்லுங்க.” கையில் வேலைக்குப் போகும் தூக்குவாளியோடு வருகிறவருக்கு “ஏம்மா, என்ன வேணும் உனக்கு?” வயது வித்தியாசம் பார்க்காத ‘நீ’ இது. இருபத்தைந்து வயது ஆசிரியர் அறுபது வயதுப் பாட்டியைப் பார்த்துச் சொல்லும் ‘நீ’. நாற்காலி இருக்கும், உட்காரச் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வகுப்பில் நடத்தப்படாத இந்தப் பாடத்தை அவர்கள் ஒருநாளும் மறப்பதில்லை.

வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் அருந்ததியர் தாய் இரண்டு மொழி அறிந்தவர். ஆனால் அவருடைய தமிழின் சாயலைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கான்வென்ட் வாசலில் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுகிற தாயோ ‘படித்த பேரண்ட்’ ஆகிவிடுகிறார்.

இப்படி ஒருமுறை நடத்தப்பட்டவர் அடுத்த கூட்டத்துக்கு ஏன் வர வேண்டும்? வராமல் இருப்பது பல நேரங்களில் அக்கறையின்மையால் வருவதில்லை. தன்மானத்தால் வருகிறது. அதைவிட, ‘நான் போய் ஏதாவது பேசப்போய், பிள்ளை மேல கோபத்தைக் காட்டிட்டாங்கன்னா?’ என்ற பயத்தால் வருகிறது. அந்தப் பயம் கற்பனையா என்றால், அடுத்துச் சொல்லப்போகும் சம்பவங்களைப் பாருங்கள்.

வாசலில் கூடிய இரண்டு கூட்டம்

2018 ஜூலை. திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளி. சத்துணவு சமைக்க அருந்ததியர் பெண் ஒருவர் மாறுதலாகி வருகிறார். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று ஆதிக்கச் சாதியினர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் செய்த முதல் காரியம், அந்தப் பெண்ணை வேறு பள்ளிக்கு மாற்றியது. இயக்கங்கள் போராடிய பிறகுதான் மாறுதல் ரத்தானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. ஏழாண்டுகள் கழித்து 2025 நவம்பரில் திருப்பூர் நீதிமன்றம் 6 பேருக்கு 2 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

2023 செப்டம்பர். திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகும் நெடுஞ்சாலையில் பயணித்தவர்களுக்கு வேலஞ்செட்டியூரைச் சுங்கச்சாவடியால் தெரிந்திருக்கும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. சமைப்பவர் தலித் பெண் என்பதற்காக அங்கே பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து அந்தப் பெண் சமைத்ததைச் சாப்பிட்டு, வழக்குப் பாயும் என்று எச்சரிக்க வேண்டியிருந்தது. அதே மாதம் தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியிலும் இதே கதை.

இந்தச் செய்திகளுக்கு என்ன தலைப்பு வைக்கிறோம்? ‘பெற்றோர் எதிர்ப்பு’, ‘பெற்றோர் முற்றுகை’, ‘பெற்றோருடன் அதிகாரிகள் பேச்சுவார்த்தை’. தீண்டாமைக் குற்றம் செய்கிறவர்கள் வாசலில் நின்றால் அவர்கள் ‘பெற்றோர்’. பேச்சுவார்த்தைக்கு உரியவர்கள். அவர்களுடைய ‘அக்கறை’யை யாரும் சந்தேகிப்பதில்லை. தன் பிள்ளையைப் பட்டினி போட்டாவது சாதியைக் காப்பேன் என்று நிற்பவரைப் பார்த்து ‘பொறுப்பில்லாத பெற்றோர்’ என்று எந்த ஆசிரியர் அறையிலும் பேசக் கேட்டதுண்டா?

இனி மற்றவர்களைப் பார்ப்போம். 2022 நவம்பரில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரை ஒன்றியப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிவறை கழுவ வைத்தது வெளியே வந்தது. அதை வெளியே கொண்டுவந்தவர் ஒரு தாய். மகனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தபோது அவனிடம் விசாரித்து உண்மையைக் கண்டுபிடித்துப் புகார் கொடுத்தார். தலைமையாசிரியர் கைது செய்யப்பட்டார். எந்தக் கல்வி அதிகாரியின் ஆய்விலும் சிக்காதது ஒரு ‘அக்கறை இல்லாத’ தாயின் விசாரணையில் சிக்கியது.

2025 ஏப்ரலில் கோவை மாவட்டம் செங்குட்டைப்பாளையத்தில் ஒரு தனியார் பள்ளி, மாதவிடாய் வந்த எட்டாம் வகுப்பு தலித் மாணவியை வகுப்பறைக்கு வெளியே படியில் உட்காரவைத்துத் தேர்வு எழுதவைத்தது. பள்ளிக்கே வந்து அதை வீடியோ எடுத்து நாட்டுக்குக் காட்டியவர் அவளுடைய தாய். உடனே என்ன நடந்தது? தனியாக உட்காரவைக்கச் சொன்னதே அந்தத் தாய்தான் என்ற பேச்சு பள்ளித் தரப்பிலிருந்து கிளம்பியது. குற்றம் செய்தது பள்ளி, பொறுப்பு பெற்றோருக்கு. நாம் மேலே சொன்ன கணக்கு அப்படியே இங்கே வேலை செய்வதைக் கவனியுங்கள்.

2023 ஆகஸ்டு நாங்குநேரியை மறக்க முடியுமா? சக மாணவர்களின் சாதிக் கொடுமையால் பள்ளிக்கு வராமல் நின்ற மாணவர் ஒருவர், பள்ளியில் புகார் கொடுத்தார். அன்றிரவே வீடு புகுந்து அவரையும் தங்கையையும் வெட்டினார்கள். தலித் பெற்றோர் பள்ளியில் வாய் திறக்கப் பயப்படுவதை ‘ஆர்வமின்மை’ என்று பெயர் மாற்றுகிறவர்கள் இந்த ஊர்ப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும்.

பழைய சரக்கு

பெற்றோரைக் குற்றவாளியாக்கிப் பிள்ளையைப் ‘பார்த்துக்கொள்ளும்’ இந்தப் பார்வை நேற்று முளைத்ததில்லை. 1911ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம், அந்தப் பட்டியலில் வைக்கப்பட்ட சமூகங்களின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் வைக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. பெற்றோர்தான் நோய், பள்ளிதான் மருந்து என்பது அதன் அடிப்படை. அந்தக் காலத்தின் மிச்சமாகக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் இருக்கின்றன. அவற்றில் படித்துப் பல தலைமுறைகள் மேலே வந்தது உண்மை. தன் தாத்தா பாட்டியை அரசு எப்படிப் பார்த்தது என்பதை அறிந்த ஒருவர், இன்று அதே கண்ணால் பக்கத்துத் தெருத் தலித் பெற்றோரைப் பார்ப்பதுதான் சாதி அடுக்கின் வெற்றி. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை பள்ளி வாசலில் இப்படித்தான் நிற்கிறது.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டமும் ஒருவகையில் பெற்றோரைப் பற்றிய கருத்துதான். பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழில். செருப்புத் தைப்பவர் தன் பிள்ளை செருப்புத் தைப்பதையே விரும்புவார் என்று ஆட்சியில் இருந்தவர்கள் அவர் சார்பில் முடிவு செய்தார்கள். அது குலக்கல்வி என்று பெரியார் தெருவில் இறங்கினார். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், அடுத்து வந்த காமராசர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். இந்தப் போராட்டத்தின் வழியே தமிழ்நாட்டின் உழைக்கும் பெற்றோர் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்கள்: எங்கள் பிள்ளை எங்கள் வேலையைச் செய்யக் கூடாது. இதைவிடப் பெரிய கல்வி அக்கறை எது?

எழுபது ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்டு கடைசியில் தினமலர் நாளிதழின் சில பதிப்புகள் காலை உணவுத் திட்டத்தைக் கேலி செய்து முதல் பக்கத்தில் செய்தி போட்டன. பிள்ளைகள் வீட்டிலும் தின்றுவிட்டுப் பள்ளியிலும் தின்பதால் கழிவறை நிரம்புகிறது என்பதே அதன் சாரம். மாநிலமே கொதித்தது. அந்தச் செய்தியின் அடியில் இருந்த நினைப்பும் ‘இலவசம்னா வரிசையில நிப்பாங்க’ என்று கேட்டில் பேசப்படுவதும் ஒன்றுதான். ஒன்று அச்சில் வந்தது, மற்றது தினமும் வாயில் வருகிறது.

மஞ்சள் வேன் போன பிறகு

திண்டுக்கல் சமவெளியின் கிராமங்களில் இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. காலை எட்டு மணிக்குத் தனியார் பள்ளி வேன்கள் ஊர்த் தெருவுக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகின்றன. ஊர் நடுவே இருக்கும் அரசுப் பள்ளியில் மிஞ்சுவது பெரும்பாலும் சேரிப் பிள்ளைகளும் வேன் கட்டணம் கட்ட முடியாத பிற ஏழைகளும்தான். ‘தரம்’ தேடிப் போனதாகச் சொல்கிறார்கள். தரம் தேடிப் போனவர்களும் உண்டு. ‘அந்தப் பிள்ளைகளோடு’ உட்காரவைக்கக் கூடாது என்று போனவர்களும் உண்டு. போனபிறகு, மிஞ்சிய பள்ளியைப் பார்த்து ‘பெற்றோர் ஆர்வமில்லாத பள்ளி’ என்று பெயர் வைக்கிறார்கள்.

அந்தத் தனியார் பள்ளியின் வாசலில் என்ன நடக்கிறது? எல்.கே.ஜி. சேர்க்கைக்கு அப்பா அம்மாவுக்கு இன்டர்வியூ. அப்பா என்ன வேலை, அம்மா டிகிரியா, வீட்டில் இங்கிலீஷ் பேசுவீர்களா, சொந்த வீடா, எந்தத் தெரு? கடைசிக் கேள்விக்கான பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 13 இத்தகைய வடிகட்டலைத் தடை செய்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம் என்றும் சொல்கிறது. ஆனாலும் அது ‘இன்டராக்‌ஷன்’ என்ற பெயரில் நடக்கிறது. அதே சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டைத் தனியார் பள்ளிகள் எதிர்த்துப் போனபோது உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் அதை உறுதி செய்தது. அந்த ஒதுக்கீட்டில் நுழையும் பெற்றோருக்கு ‘ஆர்.டி.இ. பேரண்ட்’ என்று ஒரு தனிப் பெயர். வாட்ஸ்அப் குழுவில் அவர் வாய் திறந்தால் “ஃபீஸ் கட்டாதவங்களுக்கு எதுக்கு இந்தக் கேள்வி?”

பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது?

மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ 2018இல் வந்தது. அப்பாவைக் கூட்டிவரச் சொல்லும் கல்லூரிக்கு, அந்த இளைஞன் வேறொருவரை அப்பாவாக நடிக்கக் கூட்டிப் போவான். அந்தக் காட்சிக்குத் தியேட்டரில் சிரித்த பலர் பின்னால், கூத்துக் கலைஞரான அவனுடைய உண்மையான அப்பா கல்லூரிக்கு வந்து படும் அவமானத்தைப் பார்த்து உறைந்துபோனார்கள். படிப்பவன் தன் அப்பாவை ஒளித்துவைக்க வேண்டிய நிலைக்கு எதனால் வருகிறான்? வாசலில் அப்பாவுக்கு என்ன நடக்கும் என்று அவனுக்கு முன்பே தெரியும்.

அதற்கான பயிற்சியைத் தொடக்கப் பள்ளியிலேயே கொடுத்துவிடுகிறோம். தோல் உரிப்போர், பதனிடுவோர், துப்புரவுப் பணியாளர்கள் போன்றோரின் பிள்ளைகளுக்கென ஒன்றிய அரசின் கல்வி உதவித்தொகை 1970களிலிருந்து இருக்கிறது. தேவையான திட்டம். திண்டுக்கல் போன்ற ஊரில் பல குடும்பங்களுக்கு உரியது. ஆனால் அதைப் பெற, பெற்றோர் என்ன தொழில் செய்கிறார் என்று சான்று வாங்க வேண்டும். “கக்கூஸ் கழுவுறவங்க பிள்ளைங்கள்லாம் எந்திரிச்சு நில்லுங்க” என்று வகுப்பில் சத்தமாகப் பெயர் எடுத்தால், உதவித்தொகையோடு சேர்த்து அந்தப் பிள்ளைக்கு ஒரு முத்திரையும் கிடைக்கிறது. நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இதையும் தொட்டது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, உதவித்தொகை பற்றித் தலைமையாசிரியர் மாணவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. கோடிக்கணக்கில் செலவு பிடிக்கும் பரிந்துரையா இது? நாளைக் காலையிலேயே செய்யலாம்.

தியாகத் தாயும் வேண்டாம்

முற்போக்கு முகாமிலும் ஒரு வார்ப்புரு இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் நாளில் அதைப் பார்க்கலாம். கந்தல் சேலை, காய்த்துப்போன கை, பக்கத்தில் மதிப்பெண் வாங்கிய மகள். ‘தன் வயிற்றைக் கட்டிப் படிக்கவைத்த தாய்’ என்று பகிர்கிறோம். அந்தத் தாய் அழ வேண்டும், நன்றி சொல்ல வேண்டும், கோபப்படக் கூடாது. மகள் 480 வாங்கினால் அவர் தியாகி, 280 வாங்கினால் அக்கறை இல்லாதவர். இரண்டுமே அவரை ஒரு குடிமகளாகப் பார்க்க மறுக்கும் வழிகள்தான்.

குடிமகளாகப் பார்த்தால் என்ன தெரியும்? 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் 20 வயது தலித் பெண் தொழிலாளி, அவருடைய மேற்பார்வையாளரால் கொலை செய்யப்பட்டார். தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அதை ஒரு தனிமனிதக் குற்றமாக முடிய விடவில்லை. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது. உலக நிறுவனமான எச் அண்ட் எம் அதில் கட்டுப்பட்டது. பாலியல் தொந்தரவையும் சாதிப் பாகுபாட்டையும் வேலைத் தளத்திலேயே கண்காணிக்கப் பெண் தொழிலாளர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. உலகத் தொழிலாளர் இயக்கத்தில் அதற்குப் பெயரே ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’.

வேன் வந்து ஏற்றிப்போகும் அதே பெண்கள்தான் இவர்கள். ‘ஆத்தா மில்லுக்குப் போயிருவா’ என்று கேட்டில் ஏளனமாகச் சொல்லப்படும் அதே ஆத்தாக்கள்தான். ஸ்வீடன் நிறுவனத்தைப் பேச்சுவார்த்தைக்கு இழுத்துவந்த உழைக்கும் பெண்களுக்கு ஒரு தலைமையாசிரியர் முன் பேசத் தெரியாதா? பேசத் தெரியும். உட்கார நாற்காலியும் வர முடிகிற நேரமும் பேசினால் பிள்ளைக்கு ஆபத்து வராது என்ற உறுதியும்தான் இல்லை. ஆலையில் அந்த உறுதியைச் சங்கம் கொடுத்தது. பள்ளியில் எது கொடுக்கும்?

சட்டம் வைத்திருக்கும் நாற்காலி

சட்டத்தில் அதற்கு ஒரு கருவி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 21 சொல்லும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பட்டியல் சாதி, பழங்குடி உள்ளிட்ட விளிம்புநிலைப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்களுடைய எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது எல்லாம் அதன் வேலை. தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 2022இலும் 2024இலும் மறுகட்டமைக்கப்பட்டன. பல இடங்களில் தலித் பெண்கள் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். எத்தனை இடங்களில் அவர்களிடம் பதிவேட்டை வீட்டுக்கே அனுப்பிக் கையெழுத்து மட்டும் வாங்கப்படுகிறது என்று தேடிப் பார்க்க வேண்டியது நம் வேலை. ஊராட்சித் தலைவர் நாற்காலியில் தலித்தை உட்கார விடாத சமூகம் பள்ளி நாற்காலியை மட்டும் சும்மா விட்டுவிடுமா?

திண்டுக்கல்லிலும் எல்லா ஊரிலும் கேட்க வேண்டியவை பெரிய புரட்சிகர முழக்கங்கள் இல்லை. பெற்றோர் கூட்டம் ஷிப்டு முடிந்தபின் மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ நடக்கட்டும். மாதம் ஒருமுறையாவது தலைமையாசிரியர் பள்ளியை விட்டு வெளியே வந்து தலித் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போடட்டும். பாட்டியும் அக்காவும் பாதுகாவலராக ஏற்கப்படட்டும். பள்ளி வளாகத்தில் எந்தப் பெற்றோரையும் ஒருமையில் அழைக்கக் கூடாது என்று துறை சுற்றறிக்கை விடட்டும். ஆலை நிர்வாகங்கள் கூட்ட நாளுக்குக் கூலியோடு இரண்டு மணி நேரம் விடுப்புத் தரத் தொழிற்சங்கங்கள் பேசட்டும். சமையலர்களை எதிர்த்து வாசலில் கூடுகிறவர்களோடு பேச்சுவார்த்தை நடத்தாமல், முதல் நாளே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகட்டும்.

“ஆசிரியர்களை எல்லாம் வில்லனாக்குகிறீர்களா?” என்று சிலர் கேட்பார்கள். வீடு தேடிப் போய்ப் பிள்ளையைக் கூட்டிவரும் ஆசிரியர்கள் இந்த மாவட்டத்திலும் உண்டு. வேலைப்பளுவும் காலிப் பணியிடமும் அவர்களை நசுக்குகின்றன என்பதும் உண்மை. “குடிக்கும் அப்பாக்கள் இல்லையா?” என்றும் கேட்பார்கள். இருக்கிறார்கள், எல்லாத் தெருவிலும். மேல்தெரு அப்பா குடித்தால் அது அந்த வீட்டின் துயரம், சேரி அப்பா குடித்தால் அது அவருடைய சாதியின் குணம் என்று ஆகிவிடுவதைத்தான் கேள்வி கேட்கிறோம்.

இதைப் படிக்கும் நீங்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருப்பீர்கள். உங்களில் பலருக்கு இன்னும் பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லை. ஆனால் தம்பி இருப்பான், அண்ணன் மகள் இருப்பாள், பக்கத்து வீட்டுச் சிறுமி இருப்பாள். அம்மா மில்லுக்குப் போன வீட்டின் பாதுகாவலராக நீங்கள் போகலாம். நீங்கள் படித்த அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் யார் யார் உறுப்பினர்கள், கடைசிக் கூட்டம் எப்போது நடந்தது, தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று போய்க் கேளுங்கள். உறுப்பினரான அக்காவைப் பார்த்து, கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருந்தது என்று சேர்ந்து படியுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அவரோடு பத்துப் பெண்கள் போகட்டும். நாற்காலி போதவில்லை என்றால் பக்கத்து வகுப்பறையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.